பால் சுறா தேடிய கோடை

தலைப்பிரசவத்துக்கு என் மகள் பிறந்த வீட்டுக்கு வந்தபோது அவளை வாசலில் வரவேற்க அவளுடைய அம்மா இல்லை. அழைத்து வந்ததும் நான்தான், வா என்றதும் நான்தான். நான் பலசரக்குக் கடைக்காரன். உளுந்தைக் கையில் அள்ளியதுமே பழசா புதுசா என்று சொல்லிவிடுவேன். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன். பிள்ளை பெற்றவளுக்கு எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அதெல்லாம் என் மனைவியின் இலாகா. அவள் முந்தின வருடம் காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்காமலே போய்விட்டாள். போகிற அவசரத்தில் எனக்கு எதையும் சொல்லிவைத்துவிட்டுப் போகவில்லை.

சம்பந்தியம்மாள் நல்ல மனதோடுதான் கேட்டார், பேறுகாலத்தை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று. எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாயில்லாப் பிள்ளை என்று என் மகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. முறைப்படி நானே போய் அழைத்து வந்தேன். வந்த பிறகுதான், வெந்நீர் எந்தப் பானையில் போடுவது என்பதுகூடத் தெரியாமல் அடுப்படியில் நின்று முழித்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் சுகமாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பால் சரியாக ஊறவில்லை. குழந்தை கொஞ்ச நேரம் சப்பிப் பார்க்கும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடே அதிரக் கத்தும். அது அழுதால் என் மகளும் அழுவாள். டாக்டரம்மா, "சப்ப விட்டுக்கிட்டே இருங்க, தானா வந்துரும்" என்று சொல்லி அனுப்பினார். தானாக வருகிறவரை யார் காத்திருப்பது? கடையிலிருந்து பால் பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டிலில் கிடந்த மகள் அந்த டப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"அம்மா இருந்தா பால் சுறா வாங்கிப் புட்டு செஞ்சு தந்திருப்பா" என்றாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்பா."

எங்கள் பக்கத்தில் இது தெரியாத வீடு கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் பால் சுறா. கைநீளம்கூட வராத சின்ன ஜாதிச் சுறா. வேகவைத்து, உதிர்த்து, வெள்ளைப்பூண்டை அள்ளிப் போட்டு வதக்கினால் அதுதான் சுறாப்புட்டு. அது உண்மையிலேயே பாலை ஊறவைக்கிறதா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. என் மகள் அதை நம்பினாள். அவள் அம்மா இருந்தால் செய்திருப்பாள் என்பதை நானும் நம்பினேன். அது போதும்.

இதே மகள் பிறந்தபோது என் மனைவி எங்கள் சொந்த மண்ணான தேரிக்காட்டில், அவள் பிறந்த வீட்டில் இருந்தாள். செம்மண்ணும் பனையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர். கடல் மீன் அங்கே வந்து சேர்வதற்குள் அதற்கே அலுத்துப்போகும். அதனால் நான் தூத்துக்குடி மார்க்கெட்டில் பால் சுறா வாங்கி, ஓலைப்பெட்டியில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோவேன். ஐஸ் உருகி, பெட்டி ஒழுகி, பஸ் முழுக்க நாறும். கண்டக்டர் என்னைத் திட்டுவான். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருக்குண்ணாச்சி?" என்பார்கள். "வீட்ல பிள்ளை பெத்திருக்கா" என்று சொன்னதும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அன்றைக்குச் சுறா கிடைக்குமா கிடைக்காதா என்ற யோசனையே எனக்கு வந்ததில்லை. மார்க்கெட்டில் குவியலாகக் கிடக்கும். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று கடல் சொன்னது போல இருந்தது, நாங்களும் எடுத்துக்கொண்டே இருந்தோம்.

அந்த வீட்டில் பிள்ளை பெற்ற அறைக்குள் என்னை விடமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பேன். ஒருநாள் என் மனைவி உள்ளேயிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். "இங்கன வாங்க. பேசாதிய. இந்தச் சத்தத்தை மட்டும் கேளுங்க." கம்பியில் காதை வைத்தேன். பிள்ளை பால் குடிக்கிற சத்தம். முடக், முடக் என்று, நடுவில் ஒரு பெருமூச்சு, மறுபடி முடக், முடக். "உங்க சுறா செய்த வேலை" என்று சொல்லிச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த ஒரு வேலையை அவள் பாராட்டியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பெட்டி தூக்கிய களைப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அந்த ஞாபகத்தோடு மார்க்கெட்டுக்குப் போனேன். அது மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கிற பருவம் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போட்டிருந்தார்கள். சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். கூடை கூடையாகக் குனிந்து பார்த்தேன். ஐஸில் விறைத்துப்போன பெரிய சுறாத் துண்டுகள் இருந்தன, எந்த ஊரிலிருந்து எப்போது வந்ததோ. பால் சுறா என்று கேட்டால், ஏதோ என் சின்ன வயது சட்டையைத் திருப்பிக் கேட்டது போலப் பார்த்தார்கள்.

"தடை இல்லாத காலத்துலயே தேடணும் அண்ணாச்சி" என்றான் எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவன். "மடிவலை போட்டுக் கடல் தரையோட வழிச்சிட்டு வாரானுவ. சின்னது பெருசுன்னு உண்டா? குட்டியா இருக்கையிலே எல்லாம் கருவாடாப் போயிருது. போதாக்குறைக்குத் தண்ணி வேற சுடுது. பாரெல்லாம் வெளுத்துக் கெடக்குன்னு முங்குறவனுவ சொல்லுதானுவ. அங்கன ஒண்டுன மீனு எங்க போவும்?" பார் என்பது எங்கள் ஊரில் கடலுக்கடியில் இருக்கிற பவளப்பாறைத் திட்டு. அதற்கு மேல் அவனிடம் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. கடல் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கவா வந்தேன்? எனக்கு வேண்டியது ஒரே ஒரு மீன்.

அவன்தான் தருவைகுளம் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னான். மறுநாள் விடிந்ததும் கடையைச் சாத்தியபடியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வடக்கே போகிற சாலையில் உப்பளம் உப்பளமாக வெள்ளை அடித்துக் கண்ணைக் கூச வைத்தது. காலை வெயிலே முதுகைப் பொசுக்கியது. வழியெல்லாம் என் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். இருந்து செய்ய வேண்டிய வேலையை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே என்று. அவள் இருந்திருந்தால், "ஹெல்மெட்ட மாட்டிட்டுப் பேசுங்க" என்றிருப்பாள். அந்த அதட்டலைக் கேட்க வேண்டும்போல இருந்தது; எங்கள் பக்கத்தில் இதைத்தான் தேடுது என்பார்கள். வேறு எதையும் அன்றைக்கு நான் அவ்வளவு ஆசைப்படவில்லை.

கரையில் ஃபைபர் படகு ஒன்று அப்போதுதான் ஏறியிருந்தது. வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். பொடிமீன்களுக்கு நடுவே அது கிடந்தது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கூரிய மூக்கு. செவுள் இன்னும் மெல்லத் திறந்து மூடியது. பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது, ஒல்லியாக. எனக்குக் கடைக்காரப் புத்தி. கத்தரிக்காயானாலும் கருப்பட்டியானாலும் எது கனமோ அதைத்தான் கை தேடும். வயிறு கொழுத்ததைக் காட்டி, "இது எனக்கு" என்றேன். விலை பேசவில்லை. என் வாழ்நாளில் விலை பேசாமல் நான் வாங்கிய சரக்கு அது ஒன்றுதான்.

கரையிலேயே ஒரு அம்மாள் மீன் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, இடுப்பில் வெற்றிலைப் பை. மீனை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"யாருக்கு அண்ணாச்சி, மகளுக்கா?"

"ஆமா. பால் ஊற மாட்டேங்குது."

"அதான் வயிறு தெறிச்ச மீனாப் பாத்து எடுத்திருக்கிய" என்று சிரித்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கத்தி வயிற்றில் இறங்கியது. குடல் வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது குட்டிகள். தாயைப் போலவே மூக்கும் துடுப்பும் வாலுமாக, அச்சில் வார்த்தது போல, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்தும் ஒரு கொடி தாயின் உடம்புக்குள் போனது.

சுறா முட்டைதான் இடும் என்று நான் நினைத்திருந்தேன். அறுபது வயதை நெருங்குகிறவன், கடலுக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருக்கிறவன், இப்படி நினைத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் பேத்தியின் தொப்புள்கொடி அந்த வாரம்தான் காய்ந்து விழுந்திருந்தது. அதைப் பத்திரமாகப் பஞ்சில் சுற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பாட்டியின் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதே மாதிரி கொடி.

"உங்களுக்கு யோகம்தான்" என்றார் அந்த அம்மாள். "தாயைவிடக் குட்டி விசேஷம். இதைக் குடுத்தா பால் பீச்சி அடிக்கும்." சொல்லிக்கொண்டே ஒரு குட்டியைப் பலகையில் இழுத்துப் போட்டார். அது வாலை அடித்தது.

"வெட்டாதிய!" என்று கத்திவிட்டேன். வலை உதறியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் மகளுக்குப் பால் ஊற வேண்டும். அதற்காகத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். அதற்கு இதுதான் மருந்து என்று கைகண்டவர் சொல்கிறார். வீட்டில் குழந்தை இந்நேரம் கத்திக்கொண்டிருக்கும். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அது வாலை அடித்ததைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "அந்தக் கொடியை மட்டும் அறுத்துத் தாங்க" என்றேன்.

"கடல்ல விடப் போறியளா? பிழைக்காது அண்ணாச்சி."

"பரவாயில்ல. அறுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கத்தியைத் தண்ணீரில் கழுவிவிட்டு, கொடியைக் கொஞ்சம் நீளம் விட்டு நிதானமாக அறுத்தார். "எம்புட்டோ மீன் வெட்டியிருக்கேன். பேறுகாலம் பாத்தது இதான் முதல் தடவை" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

எங்கள் தேரிக்காட்டு ஆட்களுக்குக் கடல் என்பது பார்க்கிற சமாச்சாரம், இறங்குகிற சமாச்சாரம் இல்லை. கடலோரமாகவே இத்தனை காலம் பிழைத்தும் நான் கால் நனைத்ததோடு சரி. அன்றைக்குக் குட்டியை ஈரத் துண்டில் ஏந்திக்கொண்டு, மடித்துக் கட்டிய வேட்டியோடு, சட்டைப் பையில் போனோடு, இடுப்பளவு தண்ணீருக்குப் போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளை குளிப்பாட்டத் தொட்டுப் பார்த்து விளாவியது போல. கடல் காலையில் இப்படியா இருக்கும் என்று அப்போது தோன்றியது. துண்டை விலக்கினேன். குட்டி என் உள்ளங்கையில் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் தோல் சின்னதிலேயே உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. செவுள் ஒருமுறை திறந்தது. மறுபடி திறந்தது. பிறகு கையை ஒரு உதை உதைத்துவிட்டு இல்லாமல் போனது. ஓடிற்றா, அடியில் போய் விழுந்ததா, கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு அலை முகத்தில் அடிக்கிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது தாய்ச்சுறாவைத் துண்டு போட்டு வைத்திருந்தார். மற்றக் குட்டிகள் ஏற்கெனவே அடங்கிப்போயிருந்தன. அவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கே கொடுத்துவிட்டேன். அவற்றையும் வாங்க எங்கேயோ ஒரு பிள்ளை பெற்றவளின் அப்பன் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருப்பான். நம் பிள்ளைகளுக்காக, கடலில் பிள்ளைகளாக இருப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கித் தின்றிருக்கிறோம். அதை அன்பாகத்தான் செய்தோம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பிழைச்சாலும் தாயில்லாம அது என்ன செய்யும்?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"சுறாக்குட்டிக்குத் தாய் வேண்டாம் அண்ணாச்சி. பிறந்ததும் அது பாட்டுக்குப் போயிரும். கொடி இருந்த இடத்துல கொஞ்ச நாளு ஒரு தழும்பு கெடக்கும், இங்கன" என்று இரண்டு துடுப்புகளுக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினார். "பெறவு அதுவும் மறைஞ்சிரும்."

வீட்டுக்கு வந்து நானே சமைத்தேன். மகள் கட்டிலில் கிடந்தபடி வாசனையைப் பிடித்தே உத்தரவு போட்டாள். "பூண்டு பத்தாதுப்பா. இன்னும் போடுங்க." "நல்லெண்ணெயா ஊத்துனிய? கடலை எண்ணெய் வாசம் வருதே." தோலைச் சரியாக உரிக்கத் தெரியாமல் புட்டில் மணல் மாதிரி நறநறத்தது. ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"அம்மா செஞ்ச மாதிரி இல்ல" என்றாள். "ஆனா அந்த மணம் வந்துட்டு." பிறகுதான் என்னைப் பார்த்தாள். "வேட்டியில ஏம்பா இப்படி உப்பு பூத்திருக்கு?"

சொன்னேன். குட்டியைப் பற்றி, கொடியைப் பற்றி, அந்த அம்மாள் பார்த்த பேறுகாலத்தைப் பற்றி. மடியில் கிடந்த குழந்தையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அதுக்குப் பால் குடுக்க யாருப்பா இருக்கா?"

"சுறா பால் குடிக்காதுளா. அதுக்குத் தாயே வேண்டாமாம். பிறந்ததும் தானாப் போயிருமாம்."

"அப்போ அதுக்கு அம்மாவைத் தேடாது, என்னப்பா?"

"தேடாது."

"எனக்குத் தேடுதுப்பா" என்றாள். அம்மா போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. எனக்கும் தேடியது. நாங்கள் இரண்டு பேரும் அழ, குழந்தை அன்றைக்கு அழாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பால் ஊறியது. சுறா செய்த வேலையா, விடாமல் சப்பிய பிள்ளை செய்த வேலையா, அழுது தீர்த்ததில் மகளின் மனது இளகியதா, எனக்குத் தெரியாது. ஒருநாள் கடையிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தேன். அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அந்தச் சத்தம். முடக், முடக். நடுவில் ஒரு பெருமூச்சு. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன். "இந்தச் சத்தத்தை மட்டும் கேளுங்க" என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லாமலே கேட்டேன்.

குழந்தை கவிழ்ந்து படுக்கத் தொடங்கியதும் மாப்பிள்ளை வந்து இருவரையும் அழைத்துப் போய்விட்டார். வீடு மறுபடி என்னுடையதாகிவிட்டது. யாருக்கு வேண்டும் அந்த வீடு?

அன்றிலிருந்து காலையில் கடை திறப்பதற்கு முன் மார்க்கெட்டுக்குப் போகிறேன். ஒற்றை ஆளுக்குச் சமைக்க அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. கூடை கூடையாகக் குனிந்து பார்ப்பேன். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகளெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. எப்போதாவது பொடிச்சுறா ஒன்று பொடிமீனோடு கிடக்கும். எடுத்துப் புரட்டி, துடுப்புகளுக்கு நடுவே விரலால் தடவிப் பார்ப்பேன். தழும்பு இருக்கிறதா என்று. இருந்தால், அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திரும்ப வைத்துவிட்டு வருவேன். முன்பு இருக்க வேண்டுமே என்று தேடியதை இப்போது இருந்துவிடக் கூடாதே என்று தேடுகிறேன்.

"சுறா இல்லன்னு சொன்னா சந்தோஷமாப் போற ஒரே ஆளு நீங்கதான் அண்ணாச்சி" என்று அந்த வியாபாரி கேலி செய்வான். நானும் சிரித்துவிட்டு வருவேன்.

இந்த மாதம் அவன் கூடையில் தழும்போடும் இல்லை, தழும்பில்லாமலும் இல்லை. ஒன்றுகூட வரவில்லை. முதல் சில நாட்கள் நிம்மதியாகத்தான் வீடு திரும்பினேன். நேற்று அவன், "இன்னைக்கும் இல்ல அண்ணாச்சி" என்று சொன்னபோது, வழக்கம்போலச் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. "நாளைக்காவது வருமாப்பா?" என்று கேட்டேன்.